ஜீனோவும் ஒரு தவறிய ஃபஜ்ரும்



ஒரு குற்ற ஒப்புதலுடன் தொடங்க வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, பாடப் புத்தகத்தின் அடியில் வேறொரு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்த மகனைக் கண்டித்து, அதனைப் பறித்துக்கொண்டோம். அவனை உறங்கச் சொல்லிவிட்டு, அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று முதற்பக்கத்தைப் புரட்டினோம். அப்போது மணி பத்தரை. மறுபடி கடிகாரத்தை நோக்கியபோது இரண்டே முக்கால். பிறகு படுத்து, ஃபஜ்ருடைய பாங்கு காதில் விழாமலேயே உறங்கி, வெயில் ஏறிய பின் எழுந்து களாத் தொழுதோம். மகனோ உரிய நேரத்தில் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய் வந்திருந்தான். புத்தகத்தை அவனிடமிருந்து பறித்ததால் தப்பித்தவன் அவன். பறித்ததால் அகப்பட்டவர் நாம்.

அந்தப் புத்தகம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. கடையில் வாங்கிய நூலன்று. வார இதழில் வந்த தொடர்கதையின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு, சணல் நூலால் தைத்த பழைய பைண்டிங். பரணைச் சுத்தம் செய்தபோது மகனின் கண்ணில் பட்டிருக்கிறது. தைத்தவர் நம் தமக்கையார்.

கனகம்மாசத்திரத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் இது. சத்திரம் என்ற பெயரே இது வழிப்போக்கர்களின் ஊர் என்பதைச் சொல்லும். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் பகுதி. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. முதியவர்கள் அதனை நேற்று நடந்ததுபோல் இன்றும் பேசுவர். இந்தச் சாலையோரம் நம் தந்தையார் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. அங்கு வாரந்தோறும் ஆனந்த விகடன் வரும். ஒரு வாரம் முழுவதும் வாடிக்கையாளர் கைகளில் புரண்ட பின், கடைக்காரர் அதனை நம் தந்தையாரிடம் கொடுப்பார். தந்தையார் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆக, ஊரெல்லாம் படித்து முடித்த கதையைத் தமக்கையார் ஒரு வாரம் பிந்திப் படித்தார். எட்டாம் வகுப்புடன் அவருடைய பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டிருந்தது. மேல்வகுப்புக்குப் பேருந்தேறிப் போக வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை அனுப்ப வீட்டில் மனம் வரவில்லை. அக்காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் நடந்ததுதான். அந்தக் கிழிந்த இதழ்களே அவருக்கு எஞ்சிய பள்ளிக்கூடம்.

கதைக்கு வருவோம். எழுதப்பட்டது 1980களில். கதை நிகழ்வதாகச் சொல்லப்படுவதோ 2020களின் தொடக்கத்தில். அதாவது சுஜாதா கற்பனை செய்த எதிர்காலம் நமக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கழிந்துபோன காலம். இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். ஒருவர் எத்தனை ஆண்டுகள் வாழலாம் என்பதையும் அரசே வரையறுக்கிறது. பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கலாகாது. நிலா என்ற எளிய இல்லத்தரசிக்குக் குழந்தை பெறும் அனுமதி கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சியைக் கொண்டாடும் முன்பே அவளுடைய கணவன் சிபி காணாமற் போகிறான். ரவி என்ற அயலான் அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான்; அவனுடன் ஜீனோ என்ற இயந்திர நாய். அங்கிருந்து கதை ஓடத் தொடங்கினால் நிற்பதேயில்லை. நண்பன் என்று நம்பியவன் நண்பனா, காப்பாற்றியவன் காப்பாற்றத்தான் வந்தானா என்று ஒவ்வோர் அத்தியாயமும் தரையைப் புரட்டிப் போடுகிறது. ஒரு வார்த்தைகூட வீணில்லை. ஒரு வரியைத் தாண்டினாலும் அடுத்தது விளங்காது. பொறியாளர் எழுதிய கதையல்லவா! சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். இன்று நாம் வாக்களிக்கும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். உதிரிப் பாகம் எதுவும் மிஞ்சாத இயந்திரம்போலவே கதையையும் பூட்டியிருக்கிறார்.

இனி, இந்தக் கதையை ஒரு முஸ்லிம் வீட்டில் படிக்கும்போது நேர்ந்த சில சங்கதிகளைச் சொல்ல வேண்டும். முதலில் பெயர்ச் சட்டம். இரண்டெழுத்துப் பெயர் என்பது பிற வாசகருக்கு ஒரு வேடிக்கைக் குறிப்பாகவே கடந்துபோயிருக்கும். நம் மகன் அதில்தான் முதலில் தடுக்கி நின்றிருக்கிறான். "நம்ம பேரெல்லாம் என்ன ஆகும் அத்தா?" என்று மறுநாள் கேட்டான். அவன் பெயர் அப்துர் ரஹ்மான். அளவற்ற அருளாளனின் அடியான் என்பது பொருள். அதனை வெட்டினால் ஒரு பக்கம் 'அடியான்' மட்டும் மிஞ்சுகிறது, யாருடைய அடியான் என்பது இல்லை. மறுபக்கம் இறைவனுக்கே உரிய திருப்பெயர் ஒரு மனிதன்மேல் வந்து அமர்கிறது. நம் வீடுகளில் இத்தகைய பெயர்களைச் சுருக்கி அழைப்பதைப் பெரியவர்கள் கண்டிப்பதன் காரணம் இதுவே. ஜீவாவின் அரசு எழுத்தை வெட்டுவதன் மூலம் எதனை வெட்டுகிறது என்பதை மதரஸாவில் நாம் பல முறை சொல்லிப் பதியாதிருந்தது, ஒரு கதையின் ஒற்றைக் குறிப்பில் பதிந்துவிட்டது.

அடுத்து, ஜீனோ. நாயைக் கதாநாயகனாகக் கொண்ட கதை நம் வீட்டில் கொஞ்சம் சங்கடமானதே. ஷாஃபி மத்ஹபின்படி நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண்ணிட்டு, கழுவ வேண்டும். உமிழ்நீரே இல்லாத இயந்திர நாய்க்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று மகன் கேட்டான். இதற்கு எந்த ஆலிமையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்! ஆயினும் ஜீனோவை வெறுக்க யாராலும் இயலாது. பொம்மையாகத் தொடங்கும் அது, புத்தகங்களைப் படித்துப் படித்தே சிந்திக்கத் தொடங்குகிறது. சிந்திக்கத் தொடங்கிய பின் தனக்கு இடப்பட்ட கட்டளையைத் தாண்டி நியாயத்தைக் கேட்கிறது. ஓதுவாயாக என்ற கட்டளையுடன் தொடங்கிய வேதத்தை உடைய சமுதாயத்துக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது சங்கதி வேறு வகைப்பட்டது. நம் தந்தையாருக்கு எண்பது கடந்துவிட்டது. நினைவு தடுமாறுகிறது. சைக்கிள் கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், மாலையானால் "கடையைப் பூட்டியாச்சா?" என்று கேட்பார். ஒரு மாலையில் பத்து முறை கேட்பதுண்டு. மகன் முதலிரண்டு முறை பதில் சொல்லிவிட்டுப் பிறகு கைப்பேசியில் ஆழ்ந்துவிடுவான். நாமும் பல வேளைகளில் எரிச்சலுடனேயே பதிலளித்திருக்கிறோம். முதியோருக்கு அந்த அரசு நாள் குறிக்கும் பகுதியைப் படித்த அன்று, மகன் பாட்டனாரின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தான். கேட்ட ஒவ்வொரு முறையும் "பூட்டியாச்சு தாதா, சாவி என்கிட்டதான் இருக்கு" என்றான். நாம் எதுவும் சொல்லவில்லை. பெற்றோரிடம் 'சீ' என்றும் சொல்லலாகாது என்பதைப் பற்றி நாம் அவனுக்கு எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். சாவி தன்னிடம் இருப்பதாகச் சொல்ல வேண்டும் என்பதை நாம் சொல்லித் தரவில்லை.

ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் இதனையெல்லாம் நண்பர் ஒருவரிடம் பகிர்ந்துகொண்டோம். அவர் மகிழவில்லை. "கட்டுக்கதைக்காக ஃபஜ்ரை விட்டீர்கள், அதற்குப் புகழுரை வேறா?" என்றார். கூர்மையான கேள்வி; தட்டிக்கழிக்க முடியாதது. லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில், வீணான பேச்சை விலைக்கு வாங்குவோரைப் பற்றி எச்சரிக்கை வருகிறதே என்றும் நினைவூட்டினார். இவ்வசனம் இசையைக் குறிக்கிறது என்று விளக்கம் கண்டோர் உண்டு. நள்ரு இப்னு ஹாரிஸ் என்பவனைக் குறித்து இறங்கியது என்றும் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். அவன் பாரசீக மன்னர்களின் கதைகளைக் கொண்டுவந்து மக்காவில் சொல்லித் திரிந்தான். நபிகளாரின் (ஸல்) அவையிலிருந்து மக்களைத் தன்பக்கம் இழுப்பது அவன் நோக்கம். அவன் குற்றம் கதை சொன்னதில் இருந்ததா, அதனைக் கொண்டு எதிலிருந்து மக்களைத் திருப்பினான் என்பதில் இருந்ததா? இரண்டாவதில்தான் என்பது நம் எண்ணம். வழிதவறச் செய்வதற்காக என்ற நோக்கத்தை அவ்வசனமே சேர்த்துச் சொல்கிறது. யூசுஃப் நபியின் வரலாற்றை மிக அழகியது என்று முன்னுரைத்துவிட்டுச் சொல்கிறான் இறைவன். கிணறு, அடிமைச் சந்தை, சிறை, அரசவை என்று அது செல்லும் வேகத்தை ஓதியவர் அறிவர். அது உண்மை வரலாறு, இது கற்பனை என்ற வேறுபாட்டை நாம் மறக்கவில்லை. அடுத்து என்ன என்று துடிக்கும் மனம் மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே. அந்த மனத்தைப் படைத்தவன் அதனைக் குற்றமாக்கவில்லை.

ஃபஜ்ரைப் பொறுத்தவரை, தவறு நம்முடையதே. புத்தகம் நம்மைக் கட்டிப்போடவில்லை. அதே நண்பர் நள்ளிரவு வரை கைப்பேசியில் முப்பது விநாடிக் காட்சிகளைத் தள்ளிக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். அவரும் நாம் அறிவதை அறிவார். அதுவும் வேகம்தான். ஆனால் அந்த வேகம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நூறு காட்சிகள் கடந்தபின் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. இக்கதையின் வேகத்திலோ, பத்தாம் அத்தியாயத்தில் ரவி சொன்ன பொய்யை இருபதாம் அத்தியாயம் வரை கையில் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும்.

இக்கதையில் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடுகிறோம். நாற்பது ஆண்டு பழைய கதை, வாசகர் பொறுத்தருள்க. மக்கள் அஞ்சி வணங்கும் ஜீவா என்பவர் ஒரு மனிதரே அல்லர். ஒளியால் செய்த முப்பரிமாண உருவம்; பின்னாலிருந்து சிலர் இயக்குகின்றனர். உயிரில்லாத ஓர் உருவத்தின் முன் ஒரு நாடே தலைவணங்கி நிற்கிறது. இப்ராஹீம் நபி கோடரியைப் பெரிய சிலையின் தோளில் மாட்டிவிட்டு, அதனையே கேளுங்கள் என்று சொன்ன வரலாற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த அத்தியாயத்தில் எழும் சிலிர்ப்பு தனிச் சிலிர்ப்பு. சுஜாதா நம்மை நினைத்து அதை எழுதவில்லை. ஆயினும் அது நம் வீட்டுக்கு வந்தபோது நம் வீட்டு வெளிச்சத்தில்தான் படிக்கப்பட்டது.

அறிவியல் புனைகதை என்பது மேற்கிலிருந்து வந்த பண்டம், நமக்கும் அதற்கும் ஒட்டில்லை என்று எண்ணுவோருக்குச் சில செய்திகள். 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசிய மருத்துவர் இப்னு துஃபைல் 'ஹய்யு இப்னு யக்ஸான்' என்ற கதையை எழுதினார். ஆளில்லாத் தீவில் மானின் பாலுண்டு வளரும் குழந்தை, உற்றுநோக்கியும் ஆராய்ந்தும் படைத்தவனை அறிந்துகொள்கிறது. 1671இல் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் இப்னு நஃபீஸ் அதே வழியில் காமில் என்பவனின் கதையை எழுதினார். இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று திரும்பும் இரத்த ஓட்டத்தை விளக்கிய அதே மருத்துவர்தான் அவர்.

இவை எங்கோ தொலைவில் நடந்தவை. நமக்கு மிக அருகில் நடந்தது ஒன்றுண்டு. 1905இல், வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற இளம் முஸ்லிம் பெண்மணி 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது அச்சேறியது கல்கத்தாவில் அன்று. சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழில். நம் ஊரிலிருந்து காலையில் பேருந்தேறினால் நண்பகலுக்குள் சென்றடையக்கூடிய பட்டணத்தில்! அக்கதையில் ஒரு பெண்கள் நாடு. ஆண்கள் வீட்டுக்குள் திரைமறைவில் இருக்க, பெண்கள் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றனர். மேகத்துக்கு மேல் பறக்கவிட்ட பெரும் பலூனால் மழைநீரை இழுத்துச் சேமிக்கின்றனர். சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கின்றனர். அதே வெப்பத்தால் படையெடுத்து வந்த பகைவரை விரட்டுகின்றனர். வான்வழியே பறக்கும் வண்டியில் பயணம் செய்கின்றனர். பள்ளிக்கூடம் சென்று படிக்க வாய்ப்பில்லாத பெண் எழுதிய கதை இது. அண்ணன் இரவில் விளக்கொளியில் கற்றுக்கொடுத்த ஆங்கிலம். பயணம் சென்றிருந்த கணவர் திரும்பிவந்து, கையெழுத்துப்படியை எடுத்து, உட்காரவும் தோன்றாமல் நின்றபடியே முழுவதையும் படித்து முடித்தாராம். கதை அவரைப் பிடித்த பிடி அப்படி. ரொக்கையா பின்னாளில் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கென நிறுவிய பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

தமிழிலும் நம்மவர் கதைக்குப் பின்தங்கியவர் அல்லர். கிஸ்ஸாக்களும் மசலாக்களும் படைப்போர்களும் நம் முன்னோரின் இரவுகளை நிறைத்தவை. தமிழ் நாவலின் விடியற்காலத்திலேயே, 1885இல், கண்டியிலிருந்து சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' தந்தார். எகிப்திலிருந்து கடத்தப்பட்ட பிள்ளை, பம்பாய், கல்கத்தா என்று அதுவும் ஓட்டமான கதையே. நாகூரின் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' 1938இல் வந்தது. பெண் கதை எழுதுவதா என்ற முணுமுணுப்பு அன்றும் இருந்திருக்கும்; அவர் எழுதினார்.

இவ்வளவு சொல்லியபின் குறைகளையும் சொல்லிவிடுவது நேர்மை. இக்கதையில் நிலாவைப் பற்றிய வருணனைகள் சில நமக்கு உவப்பாயில்லை. குடும்பத்துடன் வாய்விட்டுப் படிக்கும்போது தாண்டிச் சென்றோம். வாரந்தோறும் ஓர் அதிர்ச்சி வேண்டும் என்பதற்காகத் திருப்பங்கள் சில இடங்களில் வலிந்து திணிக்கப்பட்டுள்ளன. ரவி ஒருவனே எத்தனை முறைதான் நிறம் மாறுவான்? அடுத்து வந்த 'மீண்டும் ஜீனோ' சுவையானதே. ஆனால் முதல் நூலில் ஜீனோ சிந்திக்கக் கற்பதைக் கண்ட வியப்பு, கற்று முடித்த ஜீனோவிடம் இல்லை.

தொடர்கதை என்ற வடிவத்தைப் பற்றி ஒன்று தோன்றுகிறது. நாம் ஒரே இரவில் விழுங்கியதைத் தமக்கையார் வாரம் ஓர் அத்தியாயமாக, மாதக்கணக்கில் படித்தார். ஓடும் குதிரைக்கு அங்கே ஒரு கடிவாளம் இருந்தது. 'தொடரும்' என்ற சொல்லுக்குப் பின் அவர் எழுந்து மாவாட்டவும் தொழவும் போயாக வேண்டும். அடுத்து என்ன என்பதை ஏழு நாள் மனத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். இப்போது நம் வீட்டில் அதே ஏற்பாட்டைச் செய்துகொண்டோம். இஷாவுக்குப் பின் இரண்டு அத்தியாயம், மகன் வாய்விட்டுப் படிப்பான், பாட்டனாரும் கேட்பார். இரண்டு முடிந்ததும் புத்தகம் அலமாரிக்குப் போகும். சாவி பாட்டனாரிடம்.

பைண்டிங்கில் ஒரு வாரத்துப் பக்கங்கள் இல்லை. அன்றிரவே கவனித்தோம், வேகத்தில் தாவிக் கடந்துவிட்டோம். மகன் விடவில்லை. அரக்கோணத்தில் வாழும் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்து, "மாமி, அந்த வாரம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டான். அவர் தயங்கவேயில்லை. காவலர்கள் வீட்டைச் சோதனையிட வருகின்றனர். நிலா ஜீனோவை அரிசிக் குதிருக்குள் இறக்கி, மேலே அரிசியைக் கொட்டி மூடிவிடுகிறாள். மூச்சு விடத் தேவையில்லாத நாயாதலால் அது உள்ளேயே அசையாமல் கிடக்கிறது. காவலர் போனபின் ஒரு தும்மலுடன் வெளியே வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இப்படி ஒரு நினைவாற்றலா என்று வியந்தோம்.

பிறகு சென்னை சென்று வந்த உறவினர் அச்சு நூலை வாங்கி வந்தார். விடுபட்ட இடத்தைத் தேடிப் பார்த்தோம். குதிரும் இல்லை, அரிசியும் இல்லை. மறுபடி அழைத்துக் கேட்டபோது தமக்கையார் நெடுநேரம் சிரித்தார். அந்த வாரத்துப் பக்கங்களைச் சவரக்கத்தியில் படிந்த நுரை துடைக்க முடிதிருத்தும் கடையில் கிழித்துவிட்டார்களாம். கேட்டு வாங்க வழியில்லை; வேறு யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. மாவாட்டிக்கொண்டே தாமாக ஒன்றைக் கட்டிக்கொண்டாராம். இத்தனை ஆண்டுகளில் அதுவே கதை என்று அவருக்கே உறுதியாகிவிட்டிருந்தது.

அச்சு நூலில் உள்ளதைவிட மாமி சொன்னதே நன்றாயிருக்கிறது என்கிறான் மகன். அதனை நான்கு பக்கத்தில் எழுதி, பைண்டிங்கில் விடுபட்ட இடத்தில் செருகி வைத்திருக்கிறான்.